பெரிய வளைவு: முள்முருங்கை பூத்துவிட்டது

என் அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், நான் கெட்டதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். பிடிவாதக்காரி. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பாள். நான் போடும் டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்கும்போது டீயைக் குறை சொல்வாள். வயதில் எனக்குச் சின்னவள், முறையில் பெரியவள். அதனால் அண்ணியும் நாத்தனாருமான நாங்கள் இருவரும் 'நீ, வா, போ' என்றுதான் பேசிக்கொள்வோம். 'அண்ணி' என்பதை மட்டும் நான் விட்டதில்லை. அதையும் விட்டால் அவளைப் பிடிக்கவே முடியாது.

தாவரத் தோட்டத்தின் வாசலில், டிக்கெட் ஜன்னலுக்கும் என் டீக்கடைக்கும் நடுவே, ஆள் உயரத்துக்கு ஒரு கரும்பலகை நிற்கிறது. மேலே 'இந்த வாரம்' என்று வெள்ளைப் பெயின்டில் எழுதியிருக்கும். அதற்குக் கீழே உள்ள இடமெல்லாம் அண்ணியுடையது. திங்கட்கிழமை தோறும் வாசல் திறப்பதற்கு முன் தோட்டம் முழுவதையும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, எந்த மரம் பூத்திருக்கிறது, எந்தக் குளத்தில் எந்தப் பறவை இறங்கியிருக்கிறது என்று சாக்பீஸால் எழுதுவாள். வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் இடப்பக்கம் போவதா வலப்பக்கம் போவதா என்று முடிவு செய்வார்கள். வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் அவள் 'பலகையம்மா'.

வெறும் பூப் பெயரும் பறவைப் பெயரும் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் வாய் எப்படியோ அப்படித்தான் அவள் எழுத்தும். 'கள்ளித் தோட்டம்: உடும்பு வெயில் காய்கிறது. அது உங்களைப் பார்க்க வரவில்லை.' 'அல்லிக் குளம்: முக்குளிப்பான், குஞ்சுகளோடு. கல் எறிய வேண்டாம், முங்கியது தானாக மேலே வரும்.' 'மரமல்லி: காலையில் வந்தால் தரையில் பார்க்கலாம். மதியம் வந்தால் குப்பைத் தொட்டியில் பார்க்கலாம்.' இதைப் படிப்பதற்காகவே வருகிறவர்கள் உண்டு. படித்துச் சிரித்துவிட்டு, உள்ளே போகாமல் என் கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்புகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

அவள் கையில் பலகை வந்த கதையை அவளே ஆயிரம் முறை சொல்லியிருக்கிறாள். அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில் தோட்டத்தில் களை பறிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். அப்போது வாசலில் தகரத்தில் அச்சடித்த பலகை ஒன்று இருந்தது. தாமரை, கொன்றை, மந்தாரை, செண்பகம் எல்லாம் பூத்துக் குலுங்குவதாக வருஷம் முழுவதும் அது ஒரே பாட்டைப் பாடும். கொளுத்துகிற வெயிலில் ஒரு குடும்பம் மந்தாரையைத் தேடித் தேடி அலைந்து, கடைசியில் களை பறித்துக்கொண்டிருந்த இவளைப் பிடித்துச் சண்டை போட்டிருக்கிறது. மறுநாள் காலை தகரத்துக்கு அடியில் சாக்பீஸால் எழுதியிருந்தது: 'இது பொய். இப்போது பூத்திருப்பது கொன்றை மட்டும்.' அப்போதிருந்த கண்காணிப்பாளர் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து யார் எழுதியது என்று கேட்டார். இவள் மண் கையோடு ஓரடி முன்னே வந்து நின்றாளாம். "நான்தான். எழுதினதுல தப்பு இருந்தா சொல்லுங்க." அவர் கொன்றையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தகரத்தைக் கழற்றச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அவளுக்கென்று ஒரு சட்டம். கண்ணால் பார்த்தது மட்டுமே பலகையில் ஏறும். போன வருஷம் இதே வாரம் பூத்தது என்பது செல்லாது. தோட்டக்காரர் வந்து சொன்னார் என்பதும் செல்லாது. மனோரஞ்சிதத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்தப் பூ இலையின் பச்சையிலேயே இலைக்கு நடுவே ஒளிந்திருக்கும், மூக்குதான் அதைக் கண்டுபிடிக்கும். "அதுக்கு மூக்குச் சாட்சி போதும்" என்பாள்.

இன்னொரு சட்டம் தோட்டமே போட்டது. ஒரு சமயம் 'மந்தாரை பூத்துவிட்டது' என்று பலகையில் எழுதிய மறுநாளே, கிளை வெட்டும் ஆட்கள் அதைக் கழித்து மொட்டையாக்கிவிட்டார்கள். பார்க்க வந்தவர்கள் குட்டையாக நின்ற மரத்தடியில் நின்று கூச்சல் போட்டார்கள். அதிலிருந்து, பலகையில் பேர் வந்துவிட்டால் அந்த வாரம் அந்த மரத்தின்மேல் கத்தி படக்கூடாது என்று ஆகிவிட்டது. நீதிமன்றத் தடை உத்தரவுபோல. கிளை வெட்டும் குழுவின் மேஸ்திரி திங்கட்கிழமை காலை முதல் வேலையாகப் பலகையைப் படித்துவிட்டுத்தான் ஆட்களை ஏவுவார். அவருக்கு 'ரம்பம்' என்று பட்டப்பெயர். கையில் இருப்பதால் வந்ததா, வாயைத் திறந்தால் மூடாததால் வந்ததா என்பது இன்னும் தீராத வழக்கு.

இந்த வருஷம் பனிக்காலம் தொடங்கியதிலிருந்து அண்ணியிடம் ஏதோ சரியில்லை. வெயில் சுள்ளென்று அடிக்கும்போது, "இன்னும் பனி விலகலையா?" என்பாள். நான் தேய்த்துக் கழுவிய டம்ளரைத் தூக்கிப் பிடித்து, "என்ன இது, ஒரே மங்கலா இருக்கு, கழுவவே மாட்டியா?" என்பாள். என் அண்ணன் தையல்காரர். அவர் ஊசிக்கெல்லாம் அவள்தான் நூல் கோத்துக் கொடுப்பாள். இப்போது ஊசியைத் தூக்கி மேஜையில் போட்டுவிட்டு, "இப்பல்லாம் ஊசிக்குக் காதே ஒழுங்கா வைக்கறதில்ல" என்கிறாளாம்.

அண்ணன் ஒருநாள் கடைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சின்ன ஆபரேஷன்தான், ஆனால் ஒரு கண் முடிந்து மறு கண் என்று ஆறும்வரை தூசியில் போகக்கூடாது, குனியக்கூடாது.

"அவ என்ன சொல்றா தெரியுமா? பூ சீசன் முடியட்டுங்கறா."

"இந்தத் தோட்டத்துல பூ சீசன் எப்ப முடிஞ்சிருக்கு?" என்றேன்.

"அதத்தான் நானும் கேட்டேன். ஊசியை எடுத்துக் குத்த வந்துட்டா."

நான் அன்றே அவளைப் பிடித்துக் கேட்டேன். பதில் சொல்லாமல் என் டீயைக் குறை சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று அவள் முதுகைப் பார்த்துக் கத்தினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது முள்முருங்கைக்கு வருகிறேன். நடைபாதை வளைந்து திரும்பும் இடத்தில், பெரிய வளைவு என்போம், பழைய முள்முருங்கை ஒன்று நின்றது. பனி முடியும் நேரத்தில் இலையெல்லாம் கொட்டி மொட்டையாகி, பிறகு கிளை நுனியெல்லாம் செக்கச்செவேலென்று பூக்கும். பூத்துவிட்டால் மைனாவும் காக்கையும் கிளியும் தேன்சிட்டும் தேனுக்காக அடித்துக்கொள்ளும் சத்தம் என் கடைவரை கேட்கும். அந்த மரத்தின் அடித்தண்டு உளுத்துப் பொந்தாகிவிட்டது. ரம்பம் உள்ளே கை விட்டபோது தோள்வரை போயிற்று. நடைபாதைமேல் சாய்ந்திருக்கும் மரம், காற்றுக்காலம் வேறு வரப்போகிறது, வெட்டிவிடலாம் என்று கண்காணிப்பாளர் மேடம் முடிவு செய்தார். கூட்டத்தில் அண்ணி ஒருத்திதான் எதிர்த்துப் பேசினாள். "இந்த ஒரு தடவை பூத்துட்டுப் போகட்டுமே." மேடம் தலையை ஆட்டவில்லை. "பூக்கற அன்னைக்குத்தான் அடியில ஜனம் நிக்கும்" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை நான் அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தபோது அவள் சுற்றி முடித்து வந்தாள். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. பலகையைத் துடைத்தாள், கடகடவென்று எழுதினாள். முதல் வரியே இதுதான்: 'பெரிய வளைவு: முள்முருங்கை பூத்துவிட்டது. கடைசித் தடவை. தவற விடாதீர்கள்.'

"பூத்துருச்சா? அதுக்குள்ளயா?" என்றேன்.

"கொத்துக் கொத்தா. போய்ப் பாரு."

கடையை விட்டுவிட்டு எங்கே போய்ப் பார்ப்பது? பாலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

சிறிது நேரத்தில் ரம்பம் வந்தார். பலகையைப் படித்தார். மறுபடியும் படித்தார். முகம் சிவந்துவிட்டது. எப்போதும் வளவளவென்று பேசுகிற மனிதர், அன்றைக்கு ஒரே வாக்கியத்தில் கேட்டார்.

"எங்கம்மா பூ?"

"வளைவுல. வேற எங்க?"

"வாங்க. காட்டுங்க."

அவர் கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பாலை இறக்கி வைத்துவிட்டு நானும் பின்னாலேயே போனேன்.

வளைவில் முள்முருங்கை மொட்டையாக நின்றது. கிளைகளில் சிவப்புத் துணிப் பட்டைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. எந்தக் கிளையை முதலில் இறக்குவது என்று அடையாளம் தெரிய, வெட்டுவதற்கு முன் இப்படித் துணி கட்டுவது அவர்கள் வழக்கம். சனிக்கிழமை அண்ணி வீட்டுக்குப் போன பிறகு ஏணி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். நல்ல சிவப்புத்தான். ஆனால் பூ ஒன்றுகூட இல்லை.

அண்ணி தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே நின்றாள். முகத்தில் இன்னும் சந்தோஷம் இருந்தது. பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். அவள் காதால் தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. ஒரு மைனாகூட இல்லை. தூரத்தில் யாரோ இலை பெருக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் முகம் மெல்ல மெல்ல இறங்கியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதை ஏன் பார்த்தோம் என்று இருந்தது எனக்கு.

"நாளைக்குக் காலையில ஏணி வண்டி வருது" என்றார் ரம்பம். "உங்களுக்கு இந்த மரத்து மேல ஆசை, எல்லாருக்கும் தெரியும். அதுக்காகப் பலகையில பொய் எழுதலாமா? நீங்களா இப்படி? எங்க கையைக் கட்டிப் போடறதுக்குப் பலகைதானா கெடைச்சுது?"

அவள் வாயைத் திறக்கவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. அவர் மேடத்தைப் பார்க்கப் போய்விட்டார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது.

நான் அவளைக் கடைக்குக் கூட்டிவந்து உட்காரவைத்து டீ கொடுத்தேன். குறை சொல்லாமல் குடித்தாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

"அண்ணி, துணின்னு தெரியலையா உனக்கு?"

"தெரிஞ்சா எழுதுவேனா?"

"அப்ப அந்த ஆள்கிட்ட சொல்லவேண்டியதுதானே. பொய்யின்னு சொல்லிட்டுப் போறாரு, நீ வாயில கொழுக்கட்டை வெச்ச மாதிரி நிக்கற."

அவள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா யோசிச்சுப் பாரு. பொய் சொன்னவளுக்குத் திட்டு கிடைக்கும். கண்ணு தெரியாதவளுக்கு நாற்காலி கிடைக்கும். விதை அறையில ஒரு நாற்காலி போட்டு, உக்காந்து கவர் ஒட்டும்மான்னு சொல்லிடுவாங்க. பாவம்னு சொல்லுவாங்க. திட்டை நான் தாங்கிக்குவேன். இன்னைக்குத் திட்டுவாங்க, அடுத்த வாரம் மறந்துடுவாங்க. பலகை என்கிட்டயே இருக்கும்."

"அப்புறம்? அடுத்த வாரம் எதைப் பாத்து எழுதுவ?"

"கிட்டப் போய்ப் பாத்து எழுதுவேன்."

"மரத்து உச்சிக்கு எப்படிக் கிட்டப் போவ? ஏணி வண்டியிலயா?"

எனக்கு அடக்க முடியவில்லை. அவள்மேல் எனக்கு இருக்கும் பாசமெல்லாம் எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும், அன்றைக்கும் அப்படித்தான்.

"அந்தத் தகரப் பலகையை ஏன் அண்ணி கழட்டவெச்ச? அதுவும் பாக்காமத்தானே பூத்துருக்குன்னு சொல்லிச்சு. அதுக்குக் கண்ணு இல்ல. உனக்கும் இப்ப இல்ல. ஒரே வித்தியாசம், அது ஒருத்தரையும் திட்டாது."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்தாள், அல்லது நான் இருக்கும் பக்கத்தைப் பார்த்தாள். அந்த நேரத்தில்தான் டிக்கெட் ஜன்னலிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓர் இளம்பெண், அவள் கணவன், அவள் மாமியார். மாமியார் பலகையை வாய்விட்டுப் படித்தார். பிறகு எங்களிடம் வந்தார்.

"ஏம்மா, முள்முருங்கை எந்தப் பக்கம்? கடைசித் தடவைன்னு போட்டிருக்கே, மரத்தடியில நின்னு பிள்ளையோட ஒரு போட்டோ எடுத்துக்கலாம்னு."

உளுத்த தண்டு, அதற்கு அடியில் அந்தக் குழந்தை. என் கண்முன் அது வந்தது. அண்ணிக்கும் வந்திருக்க வேண்டும். டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள்.

"அங்க போகாதீங்கம்மா. பூக்கல. நான் தப்பா எழுதிட்டேன்."

"பூக்கலையா? பலகையில..."

"பலகையை எழுதறது நான்தான். கொஞ்சம் இருங்க."

அவள் போய் ஈரத் துணியால் முதல் வரியை அழித்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். எப்போதும்போலப் பெரிய எழுத்தில் எழுதினாள்: 'பெரிய வளைவு: முள்முருங்கை பூக்கவில்லை. வெட்டுவதற்குக் கட்டிய சிவப்புத் துணியைப் பூ என்று எழுதிவிட்டேன். என் கண்ணில் புரை. மரம் உள்ளே பொந்து, அடியில் நிற்க வேண்டாம்.' எழுதி முடித்து, கொஞ்சம் யோசித்து, கீழே இன்னொரு வரி சேர்த்தாள்: 'மனோரஞ்சிதம் மட்டும் நிஜம். அதை மோந்து எழுதினேன்.'

குழந்தைக்காரப் பெண் அதைப் படித்துவிட்டுச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். மாமியார் அண்ணியின் கையைப் பிடித்து, "எனக்கும் ரெண்டு கண்ணும் பண்ணிருக்கு. ஒண்ணும் இல்ல, எறும்பு கடிச்ச மாதிரி" என்றார்.

அதற்குள் மேடமும் ரம்பமும் வந்துவிட்டார்கள். இருவரும் நின்று படித்தார்கள். ரம்பம் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். அவருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர் வாழ்க்கையிலேயே அது முதல் தடவையாக இருக்கும்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டார் மேடம்.

"பனி ஆரம்பிச்சதிலேர்ந்து."

"டாக்டரைப் பாத்தீங்களா?"

"பாத்தாச்சு. நான்தான் தள்ளிப் போட்டேன்."

"இனிமே தள்ளிப் போடாதீங்க. இந்த வாரமே போங்க." மேடம் மறுபடியும் பலகையைப் பார்த்தார். "நீங்க வர்ற வரைக்கும் வேற யாராவது எழுதட்டும். அப்புறம் என்னன்னு அப்புறம் பாப்போம்."

அந்த 'அப்புறம் பாப்போம்' அண்ணியின் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஆனாலும் அவள் தலையை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றாள்.

"இவ எழுதட்டும்" என்று என்னைக் காட்டினாள். "வாய் நீளம். ஆனா பொய் வராது."

"நானா? கடையை யாரு பாக்கறது?"

"உன் டீ கொஞ்ச நேரம் இல்லன்னா யாரும் சாகமாட்டாங்க" என்றாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இந்த யானை சறுக்கி விழுந்த இடத்திலிருந்தே என்னை உதைத்தது.

போவதற்கு முன் ரம்பத்திடம் ஒன்றே ஒன்று கேட்டாள். முள்முருங்கைக் கிளையை வெட்டிப் போத்தாக மண்ணில் ஊன்றினால் வேர் பிடித்துக்கொள்ளும், ஆகவே நல்ல கிளைகளை விறகாக்காமல் நட்டுவிடச் சொன்னாள். மறுநாள் மரம் விழுந்தது. ரம்பம் கிளைகளைத் துண்டு போட்டு, என் கடைக்குப் பின்னால் கிழக்கு வேலியோரம் வரிசையாக ஊன்றினார். பச்சைத் தடிகள், அவ்வளவுதான். தினமும் தண்ணீர் மட்டும் அவரே ஊற்றினார், வேறு ஆளை விடவில்லை.

நான் பலகை எழுதிய நாட்களைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை மட்டும் சுற்றினால் எனக்கு எதுவும் மண்டையில் நிற்கவில்லை. ஆகவே தினமும் காலையில் சுற்றினேன். கால் வலி உயிரை வாங்கியது. இலவ மரத்தைப் பார்த்துவிட்டு வருவதற்குள் வாலாட்டிக் குருவி பறந்துவிடும். குருவியைப் பிடிக்கப் போனால் ஆமை தண்ணீரில் இறங்கிவிடும். என் வரிகள் எல்லாம் கடுகடுவென்று இருந்தன. 'அல்லிக் குளம்: அல்லி. வேறொன்றும் இல்லை.' 'வௌவால் மரம்: நிறைய. குடை கொண்டு போகவும்.' ஜனங்களுக்கு அதுவும் பிடித்திருந்தது. மேடம் ஒருநாள் டீ குடிக்க வந்து, "நீங்களும் நல்லாத்தான் எழுதறீங்க, வேணும்னா நீங்களே தொடரலாம்" என்றார். "மேடம், எனக்கு அடுப்பு போதும்" என்றேன். அவர் பதில் சொல்லாமல் சிரித்துக்கொண்டார். அதை அண்ணியிடம் நான் சொல்லவில்லை.

ராத்திரியில் அவள் வீட்டுக்குப் போனால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள், அண்ணன் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருப்பார். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் விசாரணை ஆரம்பித்துவிடும். "இலவங்காய் வெடிச்சிருச்சா? நாகலிங்கத்துல மொட்டு எந்தப் பக்கம்? முக்குளிப்பான் கூடு கட்டுதா?" பார்த்ததை மட்டும் சொல்வேன். பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்பேன். ஒருநாள் பேச்சுக்கு நடுவே சட்டென்று, "போர்டுல என் கையெழுத்து இல்லாம எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"அசிங்கமா இருக்கு" என்றேன்.

"நல்லது" என்றாள்.

இரண்டாவது கண்ணும் ஆறி, டாக்டர் போகலாம் என்று சொன்னபோது கொன்றை பூக்கத் தொடங்கியிருந்தது. திங்கட்கிழமை காலை அவள் வந்தாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராக உள்ளே போய்விட்டாள். நான் டம்ளர்களைக் கழுவுவதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தேன். ரம்பம் வந்தார். மேடமும் அன்றைக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வந்து என் கடையில் நின்றார். பலகை காலியாக இருந்தது. முதல் நாளே நான் துடைத்து வைத்துவிட்டேன்.

அண்ணி சுற்றி முடித்து வந்தாள். எங்கள் மூவரையும் பார்த்தாள், ஆனால் நிற்கவில்லை. சாக்பீஸை எடுத்து எழுதினாள்: 'கிழக்கு வேலி: முள்முருங்கைப் போத்து. மூன்றாவது தடியில் ஒரு துளிர்.'

"இருக்காது" என்றார் ரம்பம். "நேத்து சாயங்காலம்கூட தண்ணி ஊத்தினேன். ஒண்ணும் இல்ல."

நானும் இருக்காது என்றுதான் நினைத்தேன். அந்த வேலி என் கடைக்குப் பின்னால்தான் இருக்கிறது. பாத்திரம் கழுவ நான் போகாத நாளில்லை. மறுபடியும் எதையாவது பார்த்துவிட்டு எதையாவது எழுதிவிட்டாளா? அதுவும் மேடம் பக்கத்தில் நிற்கும்போது?

எல்லோரும் போனோம். மூன்றாவது தடியில் மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். பச்சைப் பட்டை, முள், காய்ந்த மண். ஒன்றும் தெரியவில்லை. அண்ணி என் கழுத்தைப் பிடித்துத் தலையைக் கீழே அமுக்கினாள். தடி மண்ணுக்குள் நுழையும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, முள்ளுக்கு அடியில், உளுந்து அளவில் ஒரு பச்சை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

ரம்பம் தரையில் மண்டி போட்டுப் பார்த்தார். "அட" என்றார்.

மேடம் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "மழைக்காலத்துல எழுத்து அழிஞ்சுபோகுதுல்ல. பலகைக்கு மேல தகரக் கூரை ஒண்ணு போடச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை, அண்ணியைக் கேட்டார்.

"போடச் சொல்லுங்க" என்றாள் அண்ணி. "தகரம் மேலேயே இருக்கட்டும். கீழே வரவேணாம்."

பாத்திரம் கழுவும் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டேன். கடைக்கு நான் திரும்பி வந்தபோது அவள் பலகையை எழுதி முடித்து, கையில் ஒட்டிய வெள்ளையை என் அடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள். கொன்றை இருந்தது. முக்குளிப்பான் கூடு இருந்தது. நாகலிங்கம் இருந்தது. கடைசி வரியைப் படித்தேன்.

'டீக்கடை: நாத்தனார் தலையில் வெள்ளை. நான் பார்க்காத நாட்களில் பூத்தது.'

தினமும் காலையில் தோட்டத்தைச் சுற்றியதில் தலைக்குச் சாயம் பூச எனக்கு எங்கே நேரம் இருந்தது? யாருக்காகச் சுற்றினேன்? அழி என்று கத்தினேன். ஈரத் துணியை எடுத்துக்கொண்டு நானே போனேன்.

அவள் பலகைக்கு முன்னால் வந்து நின்று என் முகத்தைப் பார்த்தாள். நிஜமாகவே பார்த்தாள். என் கண்ணிலிருந்து நெற்றிக்கு, நெற்றியிலிருந்து வகிட்டுக்கு, ஒவ்வொன்றாக. வெகுநாளாக அவள் என்னை அப்படிப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சட்டம் தெரியாதா உனக்கு? கண்ணால பாத்ததைத்தான் எழுதிருக்கேன்" என்றாள்.

"போர்டுல ஏறியாச்சு" என்றார் ரம்பம், பின்னாலிருந்து. "இந்த வாரம் பூரா அதுமேல கத்தி படக்கூடாது. சாயமும் கூடாதுன்னுதான் எனக்குத் தோணுது."

துணியைக் கீழே போட்டுவிட்டு அவளுக்கு டீ போட்டேன். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, டம்ளரைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்து, சர்க்கரை அதிகம் என்றாள். அந்த வாரம் முழுவதும் டீ குடிக்க வந்தவர்கள் எல்லோரும் என் தலையை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் தோட்டத்துக்குள் போனார்கள்.